வெள்ளைக் குதிரையில் சிவப்புச் சட்டை

கடைத்தெருவில் அவர் வெறும் டெய்லர். வீட்டில் "என்னங்க". மாமனார் வீட்டில் பெரிய மாப்பிள்ளை. "ஐயா, வாங்க, உட்காருங்க" என்று சொல்லி அவருக்கு நாற்காலி இழுத்துப் போடுகிற இடம் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. பழைய கோர்ட்டுக் கட்டடத்தில் நடந்துவந்த அருங்காட்சியகத்தின் மாடி அறை அது. அந்த நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. உட்கார்ந்தால் இடது பக்கம் சாயும். ஆனாலும் அதில் உட்கார்ந்தவுடன் அவருக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

ஒரு தையல்காரருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்கு அவருடைய தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவர் கடையில் தைப்பதெல்லாம் சீருடைதான். ஓட்டல் வாசலில் கதவு திறந்துவிடுகிறவர்கள், காவலாளிகள், பாண்டு வாத்தியக் குழுக்காரர்கள், இப்படித் தனக்காக அல்லாமல் பிறர் பார்ப்பதற்காகச் சட்டை போடுகிறவர்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். அப்பாவிடம் பித்தான் துளைக்குக் காஜா எடுக்கக் கற்றுக்கொண்டதோடு அவருடைய பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்காக அவர் வருத்தப்பட்டதில்லை. தினமும் காலையில் கடையைத் திறந்ததும் மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடி, இன்றைக்கு ஊசி உடையக் கூடாது, யார் மனசும் நோகக் கூடாது என்று கடவுளிடம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

ஒருநாள் ஒரு பாண்டு மாஸ்டர் பழைய காலண்டரிலிருந்து கிழித்த படம் ஒன்றைக் கொண்டுவந்து, இதே மாதிரி எங்கள் குழுவுக்கெல்லாம் தைத்துக் கொடுங்கள் என்றார். நெப்போலியன் காலத்துக் குதிரைவீரன் ஒருவனின் படம். மார்பு முழுக்கக் குறுக்குக் குறுக்காக முறுக்குக் கயிறு வைத்துத் தைத்த சட்டை. அதுகூடப் பரவாயில்லை. அந்தச் சட்டைக்கு மேல் இன்னொரு சட்டையை ஒரே ஒரு தோளில் மாட்டித் தொங்கவிட்டிருந்தான். அந்த இரண்டாவது சட்டையின் கைகள் இரண்டும் காலியாகத் தொங்கின. எதற்கு இது என்று டெய்லர் கேட்டார். படத்தில் இருக்கிறது, அப்படியே தையுங்கள், அவ்வளவுதான் என்றார் பாண்டு மாஸ்டர்.

எதற்கு என்று தெரியாமல் ஒரு பித்தானைக்கூட வைக்க மாட்டார் நம் டெய்லர். போர்ப்படங்கள் மாட்டியிருக்கும் இடம் என்று யாரோ சொல்ல, அருங்காட்சியகத்துக்குப் போனார். அங்கே பொறுப்பிலிருந்த அம்மா, வெள்ளைத் தலைமுடியும் மூக்குக்கண்ணாடியுமாக இருப்பவர், அவருடைய கேள்வியைக் கேட்டதும் பெரிய படப்புத்தகம் ஒன்றை எடுத்து விரித்துவிட்டார். குளிரில் போட்டுக்கொள்கிற மேல்சட்டையாம் அது. மற்ற நேரத்தில் இடது தோளில் மாட்டிக்கொண்டால், எதிரி வாளை வீசும்போது முதல் வெட்டை அந்தச் சட்டை வாங்கிக்கொள்ளுமாம்.

சட்டையையே கேடயமாக மாட்டிக்கொண்டு போயிருக்கிறான் பார் என்று டெய்லர் அசந்துபோய் நின்றார். அன்றைக்குப் பிடித்த பித்துதான்.

கடைக்கு விடுமுறை விடும் நாளிலெல்லாம் அங்கேதான் இருப்பார். இரும்பு மார்புக்கவசம் போட்டவர்கள் ஒரு வகை. பித்தளைத் தொப்பியிலிருந்து குதிரைவால் முடி பின்னால் தொங்க வருகிறவர்கள் ஒரு வகை, அவர்களுக்கு டிராகூன் என்று பெயர். தட்டையான சதுரத் தொப்பியும் ஈட்டி முனையில் சின்னக் கொடியுமாக இன்னொரு வகை. சட்டையின் நிறம் அவன் எந்த வகைப் படை என்று சொல்லும். காலரும் மணிக்கட்டுப் பட்டியும் அந்த வகைக்குள் எந்தப் பிரிவு என்று சொல்லும். எழுதி வைத்துக்கொள்வது அவருக்குக் கைவராது. அதனால் சட்டை நிறத்தில் ஒரு பெரிய துணித்துண்டும், காலர் நிறத்தில் ஒரு சின்னத் துண்டும் எடுத்து, இரண்டையும் ஒன்றாகத் தைத்து, ஒரு கம்பியில் கோத்து வைத்துக்கொள்வார். ஒரு துண்டு, ஒரு படைப்பிரிவு. கம்பியை ஆட்டினால் ஒரு பட்டாளமே குலுங்கும்.

கிடங்கிலிருந்து பழைய படம் எது வெளியே வந்தாலும் அந்த அம்மா கேட்பார்: "ஐயா, இவங்க யாரு?" டெய்லர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாடிக்கையாளரின் தோளை அளக்கிற மாதிரி படத்தை அளப்பார். காலரைப் பார்த்துட்டுச் சொல்றேம்மா என்பார். அவர் சொன்னதைப் படத்துக்குக் கீழே சின்னப் பலகையில் எழுதி மாட்டுவார்கள். பலகையில் அவர் பெயர் இருக்காது. ஆனால் மக்கள் குனிந்து அதைப் படிக்கும்போது, டெய்லர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அதற்கு மேல் அவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இப்படி இருந்த இடத்துக்குத் தம் சகலையைக் கூட்டிக்கொண்டு போனவர் அவரேதான். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன். பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். லாயத்தை மூடிவிட்டார்கள். குதிரைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது கூடவே கொஞ்ச தூரம் ஓடினாராம். அப்புறம் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. தங்கை வந்து அக்காவிடம் அழுதாள். அக்கா இவரிடம் வந்து, நீங்க போகிற இடத்துக்கு அவரையும் கூட்டிட்டுப் போங்களேன், நாலு படத்தைப் பார்த்தால் மனசு மாறும் என்றாள்.

டெய்லர் சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டார். இரக்கம் பாதி. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். மாமனார் வீட்டில் சின்ன மாப்பிள்ளை வாயைத் திறந்தால் வீடே சிரிக்கும். பெரிய மாப்பிள்ளை வாயைத் திறந்தால் மாமனார் கொட்டாவி விடுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் கதை. அப்படிப்பட்ட சகலை, தம்மை ஒரு படித்த அம்மா "ஐயா" என்று கூப்பிடுவதை ஒருதடவை காதால் கேட்கட்டும் என்று டெய்லருக்கு ஆசை. தப்பா அது? பெரிய தப்பில்லை. ஆனால் அதிலிருந்துதான் எல்லாம் வந்தது.

மாடி அறைக்குள் நுழைந்ததும், இருப்பதிலேயே பெரிய படத்தின் முன்னால் சகலை நின்றுவிட்டார். வாளை நீட்டிக்கொண்டு ஒரு படையே பாய்கிற படம். குதிரைகளெல்லாம் முன்னங்கால் முன்னாலும் பின்னங்கால் பின்னாலும் நீட்டி, காற்றில் பறந்தன. அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இந்தக் குதிரைங்க இப்படியே போனா வயிறு தரையில தேய்ஞ்சிரும்மா," என்றார்.

அந்த அம்மா சிரித்தார். டெய்லர் இத்தனை காலமாக அங்கே வருகிறார், அந்த அம்மாவுக்குப் பல்வரிசை இவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குதிரை ஓடும்போது நாலு காலையும் ஒரே நேரத்தில் இப்படி நீட்டவே நீட்டாது, காற்றில் இருக்கிற நொடியில் காலையெல்லாம் வயிற்றுக்கடியில் சேர்த்துக்கொள்ளும், வரைந்தவர் குதிரையை நிற்கவைத்துப் பார்த்துவிட்டு ஓட்டத்தை மனசில் கற்பனை செய்திருக்கிறார் என்று சகலை விளக்கினார். விளக்கியதோடு நிற்காமல், தரையில் கையை ஊன்றிச் செய்தும் காட்டினார். அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

அந்த நாற்காலிக்கு நாலு காலும் சரியாக இருந்தது. டெய்லர் அதைத்தான் முதலில் கவனித்தார்.

அப்புறம் வாராவாரம் சகலையும் வந்தார். டெய்லர் கூப்பிடாமலே வந்தார். சில நாள் டெய்லருக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். இது பெட்டைக்குதிரை, இதன் வலது முன்னங்கால் நொண்டி, இவன் கடிவாளத்தைப் பிடித்திருக்கிற லட்சணத்துக்கு அடுத்த அடியில் கீழே விழுவான் என்று அவர் சொல்லச் சொல்ல, அந்த அம்மா கண் கொட்டாமல் கேட்டார். "ஐயா" என்று டெய்லரைக் கூப்பிடுவதை அவர் நிறுத்தவில்லை. ஆனால் சகலையையும் "ஐயா" என்றார். ஒரே பெயர் இரண்டு பேருக்கும் என்றால் அதில் பாதிதானே கிடைக்கும்? டெய்லருக்கு அப்படித்தான் பட்டது. வாசல் காவலாளி வேறு, டெய்லர் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டே, "உங்க தம்பி வந்தா இந்தக் கட்டடத்துக்கே உசுரு வந்துருது போங்க," என்றார். அவருடைய சட்டைக் கையைக் கொஞ்சம் குட்டையாக வெட்டியிருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது டெய்லருக்கு.

பொறாமை என்பது வெளியே காட்டிக்கொள்ளாமல் வைத்திருக்கக்கூடிய சாமான் இல்லை. அவர் துணியை வெட்டும்போது கத்தரிக்கோல் சத்தத்திலேயே அது தெரிந்தது. சகலை என்ற சொல் வீட்டில் யார் வாயிலிருந்து வந்தாலும் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். மனைவி கவனித்தாள். மனைவியின் தங்கையும் கவனித்தாள். அந்த அம்மாகூட ஒருநாள், ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். கேட்ட விதத்தில், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பது தெரிந்தது.

ஒருநாள் வீடு திரும்புகிற வழியில் சகலை கள்ளம் இல்லாமல் கேட்டார்: "சட்டையைப் பாத்து எந்தப் படைன்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

ஆகா, குதிரையோடு சட்டையையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்று டெய்லருக்கு உள்ளே சுருக்கென்றது. "அதுல என்ன இருக்கு, பச்சைன்னா நெப்போலியன் பக்கம், சிவப்புன்னா அந்தப் பக்கம், அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். அவர் சொன்னது முழுப் பொய்யில்லை. பாதிதான் சொன்னார். துணியை வெட்டுகிறவர்களுக்குத் தெரியும், பாதி அளவு எடுத்தால் என்ன ஆகும் என்று.

அடுத்த சில வாரங்கள் டெய்லர் போகவில்லை. ஓட்டல்காரர்கள் அவசரமாகத் துணி கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டார். உண்மையில், நாம் போகாவிட்டால் தேடுவார்கள், ஆள் அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தார். மிஷினில் உட்கார்ந்தபடியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் வரவில்லை.

கடைசியில் அவராகவே போனார். மாடி அறையில் ஒரு புதுப் படம் மாட்டியிருந்தது. கிடங்கில் கிடந்ததைச் சுத்தம் செய்து மாட்டியிருக்கிறார்கள். புகை மண்டிய சண்டைக்களம். பச்சைச் சட்டையும் சிவப்புக் காலருமாக, பித்தளைத் தொப்பி மின்ன, டிராகூன்கள் கருப்பும் பழுப்புமான குதிரைகளில் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு நட்டநடுவில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன், வெள்ளைக் குதிரை மேல். தலை புகையில் மறைந்திருந்தது. படத்துக்கு முன்னால் கூட்டம். கீழே பலகை, வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில்: 'எதிரிகள் நடுவே தன்னந்தனியாக ஒரு வீரன்.'

யார் சொன்னது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாக் குதிரையும் இருட்டு நிறம், இது ஒன்று வெள்ளை. எல்லாருக்கும் பச்சை, இவன் ஒருவன் சிவப்பு. ஆக இவன் அன்னியன், அந்தப் பக்கத்துக்காரன், வழி தவறி மாட்டிக்கொண்டான் என்று சகலை கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா அப்படியே நம்பி எழுதிவிட்டார்.

டெய்லர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அவருக்கு இரண்டாவது பார்வை தேவைப்படவில்லை. அடுத்த நொடியில் அவர் நெஞ்சுக்குள் வெல்லம் கரைந்தது போல ஒரு தித்திப்பு ஊறியது. தப்பு. முழுத் தப்பு. அதுவும் அத்தனை பெரிய எழுத்தில்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வாய்க்குள் பாடிக்கொண்டே போனார். மனைவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த மனுஷன் கல்யாணத்தன்றுகூடப் பாடவில்லையே என்று கேட்டே விட்டாள். அவர் விஷயத்தைச் சொன்னார். நாளைக்கே போய் அந்த அம்மாவிடம் சொல்லப்போகிறேன் என்றார். மனைவி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"தாராளமாப் போய்ச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. நீங்க வயித்தெரிச்சல்ல வேகுறது எனக்குத் தெரியும், என் தங்கச்சிக்குத் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும். இப்பப் போய் அவருக்கு ரெண்டு காது இருக்குன்னு நீங்க சொன்னாக்கூட, பொறாமையில சொல்றாருன்னுதான் சொல்லுவாங்க."

அவள் சொன்னது சரி. இத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்ததில், அவருடைய உண்மைக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது.

அவள் மேலும் சொன்னாள், மெதுவாக: "இப்பத்தான் அவரு சுவரைப் பாக்கறதை விட்டிருக்காரு. அவளும் இப்பத்தான் நல்லாத் தூங்குறா."

அந்த வாரமே இன்னொரு செய்தி வந்தது. பெரிய ஊர் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு குழு வரப்போகிறதாம். போர்ப்படங்களைப் பார்த்துப் பிடித்துப்போனால் தங்களிடம் உள்ளதையும் இங்கே காட்சிக்குக் கொடுப்பார்களாம். இந்தச் சட்டைகளையே ஆயுசு முழுக்கப் படித்தவர்களாம். புதுப் படத்தின் கதையை அவர்களுக்குச் சொல்லப்போவது சகலை. காவலாளிதான் பெருமையாகச் சொன்னார்.

டெய்லருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் ஒன்றுமே செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், பலகையைப் பார்ப்பார்கள், ஒருவரையொருவர் பார்ப்பார்கள். சகலை தன் வாயாலேயே விழுவான். நாற்காலி தானாக இவரிடம் திரும்பி வரும். கையில் ஒரு துளி அழுக்குப் படாது.

மறுநாள் காலை மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடினார். கடவுளே, அந்த நாள் வரைக்கும் என் வாயை மூடி வை என்று ஆரம்பித்தார். யார் மனசும் நோகக் கூடாது என்ற பழைய வரி பழக்கத்தில் தானாகப் பின்னாலேயே வந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. கண்ணைத் திறந்தார். மறுபடி மூடினார். அன்றைக்கு வேண்டுதல் முடியாமலேயே வேலையை ஆரம்பித்தார். நூல் அறுந்துகொண்டே இருந்தது.

விடுமுறை நாளில் மறுபடி அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றார். ஒரு தாய் தன் மகளுக்குப் பலகையைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பாவம், சுற்றி இருக்கிற எல்லாரும் இவனைக் கொல்லப் பார்க்கிறார்கள், இவனுக்கென்று ஒருத்தர்கூட இல்லை என்றாள். மகள் முகம் வாடிவிட்டது.

டெய்லர் அந்தச் சிவப்புச் சட்டைக்காரனைப் பார்த்தார். அவனைப் பார்த்தபோது அவருக்கு முதல்முறையாகச் சகலையின் ஞாபகம் வரவில்லை. படத்தில் இருக்கிற அவனைப் பற்றிய நினைப்புதான் வந்தது. சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் அவனுடைய ஆட்கள். அவன் கையசைவுக்குக் காத்திருக்கிறவர்கள். ஒரே பானையில் சாப்பிட்டவர்கள். சொந்தக் கூட்டத்தோடு போகிறவனை அன்னியன் என்று எழுதி மாட்டி வைத்திருக்கிறோமே. எழுதியது சகலை சொல்லித்தான். ஆனால் சகலைக்குப் பாதியைச் சொல்லிக் கொடுத்தது யார்?

அன்றைக்கே சகலை வீட்டுக்குப் போய், ஒரு சந்தேகம், வாங்க என்று கூட்டிக்கொண்டு வந்தார். கூட்டமெல்லாம் போயிருந்தது. அந்த அம்மா கீழே ஏதோ வேலையாக இருந்தார். இருவரும் படத்தின் முன்னால் நின்றார்கள். டெய்லர் தன்னிடம் சந்தேகம் கேட்பது அதுதான் முதல்தடவை என்பதால் சகலை ரொம்பவும் அடக்கமாக நின்றார். அதுவும் டெய்லருக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு குதிரை வேற கூட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டா எப்படி இருக்கும் சகலை?"

"காதைப் பின்னால மடக்கிக்கும்ணே. கண்ணுல வெள்ளை தெரியும். பக்கத்துக் குதிரையை ஒட்ட விடாது, கடிக்கப் பாக்கும்."

"இது எப்படி இருக்கு?"

சகலை படத்தின் அருகே போனார். புகைக்குள் மூக்கை விடுகிற மாதிரி அவ்வளவு கிட்டே. திரும்பியபோது முகம் மாறியிருந்தது.

"காதை முன்னால வெச்சிருக்குண்ணே. பக்கத்துக் குதிரையோட தோளை உரசிக்கிட்டு வருது. இதுங்க ஒரே லாயத்துக் குதிரைங்க." குதிரையின் காதை விரலால் காட்டினார். "நெறத்தைப் பாத்தேன். காதைப் பாக்காம விட்டுட்டேனே. அப்ப மேல இருக்கிறவன் யாரு?"

இந்த இடம்தான் டெய்லருக்குக் கஷ்டமான இடம். இத்தனை காலம் கம்பியில் கோத்துக் கோத்துச் சேர்த்ததை எடுத்து அவன் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தார்.

"மத்தவங்களுக்குப் பச்சைச் சட்டை, சிவப்புக் காலர். இவனுக்குச் சிவப்புச் சட்டை, பச்சைக் காலர். அதே ரெண்டு துணிதான், இடம் மாத்தித் தைச்சிருக்கு. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கயிறு போகுது பாருங்க. அதோட நுனியில எக்காளம் இருக்கும், குதிரைக் கழுத்து மறைக்குது. எக்காளம் ஊதுறவனுக்கு இப்படித்தான் நெறத்தைத் திருப்பித் தைப்பாங்க. குதிரையும் வெள்ளையாக் குடுப்பாங்க. அவ்வளவு புகையில தலைவன் கண்ணுக்கு அவன் உடனே தெரியணும். தெரிஞ்சாத்தான் முன்னேறு, திரும்புன்னு ஊதச் சொல்ல முடியும்."

சகலை படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எப்பண்ணே தெரிஞ்சுது உங்களுக்கு?"

"பலகையைப் பாத்த அன்னைக்கே."

"சிவப்புன்னா அந்தப் பக்கம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. அந்தப் பக்கத்துலயும் சிவப்புச் சட்டை பச்சைக் காலர் உண்டு. அது பொய்யில்ல. ஆனா பாதிதான் சொன்னேன்."

"வயித்தெரிச்சலா?"

"ஆமா."

சகலை கோபப்படுவார் என்று டெய்லர் எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சகலை ஒரு பெருமூச்சு விட்டு, நல்லவேளை, அவங்க வர்றதுக்கு முன்னாடி சொன்னீங்களே அண்ணே என்றார். அவ்வளவுதான். மன்னிப்பதற்குக்கூட அவனுக்கு எந்தக் கஷ்டமும் இல்லையே என்று டெய்லருக்கு உள்ளே இன்னும் கொஞ்சம் எரிந்தது.

இருவரும் கீழே இறங்கிப் போய் அந்த அம்மாவிடம் சொன்னார்கள். டெய்லர்தான் பேசினார். சகலைதான் கண்டுபிடிச்சாரும்மா, குதிரையோட காதை வெச்சு என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வெளியே கொண்டுவர அவர் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். சகலை ஏதோ மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். டெய்லர் அவர் காலை மிதித்தார். பலகை அன்று சாயங்காலமே இறங்கியது. புதுப் பலகையில், 'தன் படைக்கு நடுவே எக்காளம் ஊதுபவன்' என்று எழுதினார்கள்.

குழு வந்தது. மாடி அறை நிரம்பியது. சகலை படத்தின் முன்னால் நின்று கதை சொன்னார். எப்படிச் சொன்னார் தெரியுமா? முதலில் எல்லாரையும் அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் எதிரிதான் என்று நம்பவைத்தார். பரிதாபப்படவைத்தார். அப்புறம் குதிரையின் காதைக் காட்டினார். அப்புறம் பக்கத்துக் குதிரையின் தோளை. அப்புறம் கயிறு. ஒவ்வொன்றாக அவர் அவிழ்க்க அவிழ்க்க, படித்தவர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு கேட்டார்கள். அவர்களுக்கு இந்தத் திருப்பித் தைத்த சட்டை விஷயம் ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் புதிதாகக் கேட்பது போல் கேட்டார்கள். கடைசியில் சகலை, கதவோரத்தில் நின்ற டெய்லரைக் கை காட்டினார்.

"இதை நான் தப்பாத்தான் சொல்லியிருந்தேன். பலகையே தப்பா மாட்டியாச்சு. சரியாப் பாத்தது எங்க அண்ணன். எனக்குக் குதிரையைக் காட்டி, நானே கண்டுபிடிச்ச மாதிரி பண்ணி, பேரையும் எனக்கே குடுத்துட்டாரு."

எல்லாரும் திரும்பினார்கள். ஒருவர் வந்து டெய்லரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டும் என்றார்கள். டெய்லர் வாயைத் திறந்தார். காலரைப் பார்த்தால் தெரியும் என்றார். அதற்கு மேல் வரவில்லை. மரியாதையாகத் தலையசைத்தார்கள். ஒருவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டதை டெய்லர் பார்த்துவிட்டார்.

வீட்டில் மனைவி ஆவலாகக் கேட்டாள். நல்லாத்தான் பேசினான் என்றார். அவள் தங்கை மூலம் முன்பே கேள்விப்பட்டிருந்தாள். அத்தனை பேர் முன்னாடி உங்களைத்தானே தூக்கி வெச்சுப் பேசினாரு, அப்புறம் எதுக்கு இந்த மூஞ்சி என்றாள்.

"அதுதான்டி," என்றார் டெய்லர். "விட்டுக் குடுத்தது நானு. பெரிய மனசுக்காரன்னு பேரு வாங்கினது அவன்."

அவள் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். அவருக்கும் கடைசியில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆனால் எரிச்சல் போகவில்லை. அது இன்னும் இருக்கிறது. மனுஷ மனசு ஒருநாளில் வெளுத்துப் போகிற துணி இல்லை.

பெரிய ஊர்க்காரர்கள் ஒப்புக்கொண்டபடி படங்கள் வந்தன. வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல இருவரையும் முறையாக வைத்துக்கொள்கிறேன், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கோட்டு இருந்தால் நன்றாயிருக்கும் என்று அந்த அம்மா சொன்னார். துணி எடுத்து வந்து டெய்லர் தம் கையாலேயே தைத்தார். சகலைக்கு அளவு எடுக்கும்போது நாடாவை ஓர் இழைகூட இறுக்கவோ தளர்த்தவோ இல்லை. தமக்கு எத்தனை கவனமாகத் தைத்தாரோ அத்தனை கவனமாக அவருக்கும் தைத்தார். நிறம் ஒன்று, காலர் ஒன்று, பித்தான் ஒன்று.

போட்டுக்கொண்டு இருவரும் கண்ணாடி முன்னால் நின்றார்கள். டெய்லருடைய கோட்டு அவர் மேல் ஒழுங்காக நின்றது. சகலையின் தோளில் அதே துணி அப்படி வழிந்து விழுந்தது, குதிரையின் மேல் போட்ட பட்டுப் போர்வை மாதிரி. அந்த அம்மா சகலையைப் பார்த்து, அடேயப்பா, என்ன பொருத்தம் என்றார்.

"தைச்சது அண்ணன்," என்றார் சகலை.

டெய்லர் போய்ச் சகலையின் முதுகில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டார். தோளைத் தடவிச் சுருக்கம் எடுத்தார். வெட்டு நன்றாகத்தான் வந்திருந்தது.